தறியும் ஊசியும்

நூலிலிருந்து ஆடை பிறக்கும் வழிகளுள் நெசவு ஒன்று, பின்னல் மற்றொன்று. நீளவாட்டில் நிறுத்திய இழைகளின் ஊடே குறுக்கிழையைச் செலுத்தித் துணியாக்குவது நெசவு. ஒரே நூலைக் கண்ணியாக வளைத்து, ஒரு கண்ணியின் உள்ளிருந்து அடுத்த கண்ணியை இழுத்து, வரிசைமேல் வரிசையாக வளர்ப்பது பின்னல். நெசவுக்குத் தறி வேண்டும். பின்னலுக்கு இரண்டு ஊசிகளும் ஒரு நூற்கண்டும் போதும். தறி இருந்த இடத்தை விட்டு நகராது. ஊசியோ ஒரு சிறு பைக்குள் அடங்கிச் செல்லும் இடமெல்லாம் உடன்வரும்.

இவ்விரு தொழில்களையும் ஒப்புநோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். தறியில் அமர்ந்தவர் எடுத்த வேலையை முடிக்காமல் மறுவேலை தொடங்குதல் அரிது. ஊசி பிடித்தவரோ ஒன்று முடியுமுன் மற்றொன்றும், அது முடியுமுன் வேறொன்றும் தொடங்குதல் மிக எளிது. ஆயினும் எளியதெல்லாம் நன்மை தருவதன்று. ஒரு நேரத்தில் ஒரு பின்னலையே கைக்கொள்ளுதல் ஏன் நன்று? அவ்விதிக்கு விலக்கு உண்டா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண, முதலில் தறியிடம் பாடம் கேட்டு, பின்னர் ஊசியிடம் வருதல் வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கே, மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் பெருவழியில், திருவில்லிபுத்தூரை அடையுமுன் எதிர்ப்படும் ஊர் கிருஷ்ணன்கோவில். வத்திராயிருப்புக்குச் செல்லும் சாலை அங்குதான் பிரிகின்றது. வத்திராயிருப்பை அடுத்துள்ள சுந்தரபாண்டியம் கைத்தறி நெசவுக்குப் பெயர் பெற்றது. திருவில்லிபுத்தூரைக் கடந்து சென்றால் இராசபாளையம். அங்கே பி. ஏ. சி. இராமசாமிராஜா 1936 ஆம் ஆண்டு நூற்பாலை ஒன்றைத் தோற்றுவித்தார். அதன்பின் அவ்வூர் ஆலைகளால் வளர்ந்தது. அதன் அருகிலுள்ள சத்திரப்பட்டியில், மருத்துவமனைகளில் புண் கட்டுவதற்கு வேண்டிய துணி பெருமளவில் விசைத்தறிகளில் நெய்யப்படுகின்றது. பஞ்சு நூலாவதையும், நூல் துணியாவதையும் சில கல் தொலைவுக்குள் காணக்கூடிய நாடு இது. ஆதலின் இங்கு வாழும் மாணவர்க்குத் தறி புதியதன்று.

கைத்தறி நெசவில் பாதி உழைப்பு, நாடா ஓடத் தொடங்குமுன்னரே செலவாகிவிடுகின்றது. நூலைச் சிட்டத்திலிருந்து சுற்றி எடுத்தல் வேண்டும். பாவுக்கு வேண்டிய நீளத்தில் இழைகளை ஓட்டுதல் வேண்டும். பாவைத் தெருவில் நீள விரித்துக் கஞ்சி தோய்த்து, இழை ஒன்றோடொன்று ஒட்டாவண்ணம் நீவி உலர்த்துதல் வேண்டும். இது பெரும்பாலும் வெயில் ஏறுமுன் விடியற்காலையில் நிகழும். ஒருவராற் செய்யத்தக்க வேலையும் அன்று; குடும்பத்தாரும் அண்டை வீட்டாரும் கைகொடுத்தால்தான் முடியும். இவ்வாறு அணியமான பாவு பின்னரே தறி ஏறும்.

தறி ஏறிய பாவின் ஒவ்வோர் இழையும் விழுதின் கண்ணிலும் அச்சின் இடைவெளியிலும் நுழைந்து வருதல் வேண்டும். அங்குலத்துக்கு 60 இழைகள் என்றும், சேலையின் அகலம் 48 அங்குலம் என்றும் கொண்டால், இழைகளின் தொகை 2880 ஆகும். இத்தனை இழைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, முறை பிறழாமல் சேர்த்தல் வேண்டும். இவ்வளவும் முடிந்த பின்னரே நெசவாளர் தறிக்குழியில் காலை இறக்கி, மிதியை மிதித்து, நாடாவை ஓட்டத் தொடங்குவார்.

இந்நிலையில் அவர்க்கு வேறொரு துணியின்மேல் விருப்பம் எழுகின்றது என்று கொள்க. புதிய கரை, புதிய நிறம், புதிய கட்டம் எதுவாயினும் அவர் காத்திருத்தல் வேண்டும். பாவை இடையில் அறுத்தால் எஞ்சிய நூல் வீண். அறுக்காமல் கழற்றி ஒருபால் வைத்து, வேண்டும்போது மீண்டும் பூட்டலாம் எனின், கோத்த உழைப்பெல்லாம் வீண். இருக்கும் பாவை நெய்து முடிப்பதே புதிய துணிக்கு உரிய ஒரே வழி. தறி தன்மேல் ஏறிய ஒரு வேலையைத் தவிர மறுவேலையை ஏற்காது.

மேலும், கூட்டுறவுச் சங்கத்திலிருந்து நூலோ பாவோ பெற்று நெய்யும் நெசவாளர், துணியை நெய்து ஒப்படைத்த பின்னரே அதற்குரிய கூலியைப் பெறுகின்றார். தறியில் பாதியாய் நிற்கும் சேலை உலையில் அரிசியாவதில்லை. கோ-ஆப்டெக்ஸ் என வழங்கும் தமிழ்நாடு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் 1935 ஆம் ஆண்டு தோன்றியது. அன்று முதல் எத்தனையோ தறிகளின் துணிகள் அதன் கடைகளை அடைந்துள்ளன. அவை யாவும் நெய்து முடிந்த துணிகளே. அரைச் சேலைக்குக் கடையில் இடமில்லை.

தறியில் மட்டுமன்று, அப்பகுதியின் வேறு கைத்தொழில்களிலும் இவ்வியல்பைக் காணலாம். திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. பாலும் சர்க்கரையும் திரண்டு வரும் வரையில் கிண்டுவோர் கை ஓயலாகாது. அடுப்பை விட்டு அகன்றால் பால் அடிப்பிடிக்கும். அவ்வூர்க் கோவிலில் ஆண்டாளுக்கு நாள்தோறும் இலையாலும் மலராலும் புதிதாக ஒரு கிளி செய்யப்படுகின்றது. மாதுளை மலர் அதன் மூக்காக அமையும். இன்றைய கிளியை நாளை முடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்க இயலாது. இலையும் மலரும் வாடிவிடும். பால்கோவா செய்வோரைத் தீயும், கிளி செய்வோரைப் பொழுதும், நெசவாளரைத் தறியும் ஒரு வேலையில் கட்டி நிறுத்துகின்றன.

பின்னல் ஊசியைப் பிடித்தவரை அவ்வாறு கட்டி நிறுத்துவது ஒன்றும் இல்லை. முப்பது கண்ணிகளை ஊசியில் ஏற்றக் கால்மணி நேரமும் வேண்டா. ஆகவே பின்னலில் தொடங்குதல் மலிவு. பாதியில் வைத்த பின்னல் அடிப்பிடிப்பதும் இல்லை, வாடுவதும் இல்லை. பெட்டியில் போட்டு மூடினால் வாய் திறவாமல் கிடக்கும். நெசவாளரைத் தறி கட்டுப்படுத்துகின்றது. பின்னுவோர் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக் கொள்ளுதல் வேண்டும். வேற்றுமை இதுவே.

மனம் ஒரு பின்னலை விட்டு மற்றொன்றுக்குத் தாவுவதற்குக் காரணம் யாது? எவ்வேலைக்கும் முதல், நடு, முடிவு என மூன்று பகுதிகள் உண்டு. முதலில் புதுமையின் இன்பம் உளது. நூலின் நிறமும் மென்மையும் கண்ணையும் கையையும் கவரும். முடிவில் பயன் காணும் இன்பம் உளது. நடுவிலோ இரண்டும் இல. ஒரு கம்பளிச் சட்டையின் முதுகுப்பகுதியில் நேற்றுப் பின்னிய வரிசையைப் போன்றதே இன்றைய வரிசை. நாளைய வரிசையும் அதுவே. இந்த நடுவில்தான் கை தளர்கின்றது. தளர்ந்த கை வேறொரு நூற்கண்டை நாடுகின்றது. அதுவும் தன் நடுப்பகுதியை அடைந்ததும் மூன்றாவது நூற்கண்டு வெளிவருகின்றது. இவ்வாறு பலவற்றைத் தொடங்குவோர் பல பின்னல்களின் முதலை மட்டுமே அறிந்தவர் ஆவார். ஒன்றன் முடிவையும் அறியார். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்னும் பழமொழி இவர்க்கு முற்றும் பொருந்தும்.

பின்னலை இடையில் விடுவதால் நேரும் தீங்குகள் வெறும் மனச்சோர்வோடு நில்லா. அவை துணியிலேயே தெரியும். முதலாவது, கையின் இறுக்கம். ஒவ்வொருவர் கையும் நூலை ஓரளவு இறுக்கத்தோடு பிடிக்கின்றது. பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு 20 கண்ணிகள் வீதம் பின்னும் ஒருவர், 100 கண்ணிகள் ஏற்றினால் துணி 50 சென்டிமீட்டர் அகலம் வரும். அவரே சில திங்கள் கழித்துத் திரும்பி வந்து, கை இறுகி 22 கண்ணிகள் வீதம் பின்னுவாராயின், அதே 100 கண்ணிகளுக்கு அகலம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டரே ஆகும். சட்டையின் முன்புறம் ஓர் அளவும் பின்புறம் வேறோர் அளவுமாய் நிற்கும். ஒரே பாவை இருவர் மாறி மாறி நெய்தால், அடியின் வன்மை மென்மையால் துணியில் வேறுபாடு தோன்றுவதும் இத்தகையதே. நெடுநாள் இடைவெளி ஒருவரையே இருவர் ஆக்கிவிடுகின்றது.

இரண்டாவது, நினைவு. கோலம் அமைத்துப் பின்னும்போது, எத்தனையாவது வரிசை, எங்கே கண்ணி கூட்டுவது, எங்கே குறைப்பது என்பவற்றை மனம் தாங்கி நிற்கின்றது. நாள்தோறும் தொடர்ந்து பின்னுவோர் கை அவ்வொழுங்கைத் தானே அறிந்துகொள்ளும். இரண்டு கோலங்களை மாறி மாறிப் பின்னினால் ஒன்றன் எண்ணிக்கை மற்றொன்றில் புகும். தவறு பத்து வரிசைகள் கடந்த பின்னரே கண்ணுக்குத் தெரியும். அப்போது பத்து வரிசைகளையும் பிரித்தல் வேண்டும்.

மூன்றாவது, நூலின் நிறம். ஒரே நிறம் என்று பெயர் இருப்பினும், வெவ்வேறு முறை சாயம் தோய்த்த நூல்கள் நுண்ணிய வேறுபாடு உடையன. அதனால் சாயமுறையைக் குறிக்கும் எண்ணைக் கம்பளி நூற்கண்டின் தாளில் அச்சிடும் வழக்கம் உளது. ஒரு சட்டைக்கு வாங்கிய நூலில் ஒரு பகுதியை எடுத்து ஒரு தொப்பி தொடங்கியவர், பின்பு சட்டைக்கு நூல் போதாமல் கடையை நாடுவார். அதே தோய்ப்பு நூல் அப்போது கிடைப்பது அரிது. சட்டையின் ஒரு கை மட்டும் சற்று வெளுத்தோ கறுத்தோ காணும்.

நான்காவது, கிடப்பில் போட்ட பொருளுக்கு வரும் கேடு. நெடுநாள் ஊசியிலேயே நிற்கும் கண்ணிகள் அவ்விடத்தில் தழும்பு போன்ற கோடு ஒன்றை விட்டுவிடும். இரும்பு ஊசியாயின் ஈரக்காற்றில் துருவேறி நூலைக் கறைப்படுத்தும். கம்பளியோ அந்துப்பூச்சியின் புழுவுக்கு உணவு. பெட்டியில் உறங்கும் பின்னலை அப்புழு உறங்கவிடுவதில்லை.

இவையெல்லாம் உண்மையே ஆயினும், இரண்டு வேலைகளை ஒருங்கே செய்தால் இரண்டும் ஒருங்கே முடியுமன்றோ என்று சிலர் கருதுவர். இக்கருத்தை எளிய கணக்கினால் ஆராயலாம். கிருஷ்ணன்கோவிலில் வாழும் மாணவி ஒருத்தி, தன் தமக்கைக்குப் பிறக்கவிருக்கும் குழந்தைக்கு ஒரு கம்பளிச் சட்டையும், தன் பாட்டிக்கு ஒரு போர்வையும் பின்ன எண்ணினாள் என்று கொள்க. நாளுக்கு ஒரு மணி நேரம் பின்னினால் ஒவ்வொன்றும் 20 நாளில் முடியும். சட்டையை முடித்துப் பின் போர்வையைத் தொடங்கினால், சட்டை 20 ஆம் நாளிலும் போர்வை 40 ஆம் நாளிலும் முடியும். ஒரு நாள் சட்டை, மறுநாள் போர்வை என மாற்றி மாற்றிப் பின்னினால், சட்டை 39 ஆம் நாளிலும் போர்வை 40 ஆம் நாளிலும் முடியும். போர்வை ஒரு நாளேனும் முந்தி முடிந்ததா? இல்லை. சட்டையோ 19 நாள் பிந்தியது. மூன்று வேலைகளாயின், முறையே 20, 40, 60 ஆம் நாட்களில் முடியத்தக்கவை 58, 59, 60 ஆம் நாட்களில் முடியும். ஒன்றேனும் விரைவில் முடிவதில்லை. முன்னர் முடிய வேண்டியவை பின்னர் முடிகின்றன.

இக்கணக்கு மாறும் நேரத்தை எண்ணாமல் இட்டது. ஒரு பின்னலை வைத்து மற்றொன்றை எடுக்கும்போதெல்லாம், விட்ட இடத்தைக் கண்டுபிடிக்கவும் கோலத்தை நினைவுகூரவும் கால்மணி நேரம் கூடுதலாகச் செலவாகும் என்று கொண்டால், 40 நாளில் 39 மாற்றங்களுக்கு 585 நிமிடங்கள் செலவாகும். அஃதாவது ஏறத்தாழப் பத்து மணி நேரம். நாளுக்கு ஒரு மணி நேரம் பின்னும் மாணவிக்கு அது பத்து நாள் வேலை.

மேலும், குழந்தையின் சட்டைக்கு மற்றொரு தன்மையும் உண்டு. மார்கழிப் பனியில் மலைக்காற்றுக்கு அஞ்சி அணிவிக்க எண்ணிய சட்டை பங்குனியில் முடிந்தால் அப்போது வெயில் வந்திருக்கும். அடுத்த மார்கழிக்கு வைத்திருக்கலாம் எனின், அதற்குள் குழந்தை வளர்ந்திருக்கும். பின்னல் பெட்டியில் காத்திருக்கும். குழந்தையின் அளவு காத்திராது. முதியோர்க்கு எண்ணிய போர்வையும் அத்தகையதே. அவர்க்குக் குளிர் உறைக்கும் நாளில் அவர் தோள்மேல் இருத்தற்கன்றோ அது தொடங்கப்பட்டது? கைத்தொழிலில் காலம் தாழ்த்துதல் சில வேளைகளில் அன்பையே தாழ்த்துதல் ஆகிவிடும்.

உலக வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த முதல் உலகப் போரில், வீரர்கள் நீர் தேங்கிய அகழிகளில் நாட்கணக்கில் நின்றனர். ஈரமும் குளிரும் ஓயாமல் தாக்கியதால் கால்கள் வீங்கி மரத்து அழுகும் நோய் அவர்களைப் பற்றியது. 1914 ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுப் போர்க்களத்தை அடைந்த இந்திய வீரர்களும் அக்குளிரில் அல்லலுற்றனர். அந்நோயைத் தடுக்கும் வழிகளுள் ஒன்று, நனைந்த காலுறையைக் களைந்து உலர்ந்த காலுறை அணிதல். ஆகவே காலுறைகள் ஏராளமாகத் தேவைப்பட்டன. பல நாடுகளில் மகளிரும் முதியோரும் அவற்றைப் பின்னி அனுப்பினர். அமெரிக்காவில் 1917 ஆம் ஆண்டு தொடங்கிய இளஞ்செஞ்சிலுவைச் சங்கத்தைச் சேர்ந்த பள்ளி மாணவரும் ஊசி எடுத்தனர். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இன்று அப்பெயரோடு இயங்கும் சங்கத்தை மாணவர் அறிவர்.

காலுறையின் சிறப்பு யாதெனின், அது இணையாக அமைந்தாலன்றிப் பயன்படாது. ஒற்றைக் காலுறை எவ்வளவு அழகாக அமையினும் ஒரு வீரனின் இரு கால்களைக் காக்காது. முதற் காலுறையை முடித்ததும் பின்னுவோர்க்கு ஆர்வம் குன்றும். ஏனெனில் இரண்டாவது காலுறையில் புதிதாகக் காண ஒன்றுமில்லை. அவ்விடத்தில் வேறொரு வேலையை எடுத்தவர் கையில் எஞ்சுவது ஒற்றை. சலிப்பை வென்று அதே காலுறையை மீண்டும் ஒருமுறை பின்னியவரே அகழியில் நின்ற ஒருவனுக்கு உதவியவர் ஆவர்.

முடியாத வேலை கையை மட்டும் அன்றிக் கருத்தையும் பற்றிக்கொள்கின்றது. சோபி லெராய் என்னும் ஆய்வாளர் 2009 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில் இதனை விளக்கினார். ஒரு வேலையை முடிக்காமல் மற்றொன்றுக்கு மாறுவோரின் கவனத்தில் ஒரு பகுதி முதல் வேலையிலேயே தங்கிவிடுகின்றது என்றும், அதனால் இரண்டாவது வேலையின் திறம் குறைகின்றது என்றும் அவர் கண்டார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நம் முன்னோர் சொன்னதும் இந்நிலையையே. திருவள்ளுவர் வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில், முடிக்கப்படாமல் எஞ்சிய வினையை அவிக்கப்படாமல் எஞ்சிய தீக்கு ஒப்பிட்டுள்ளார். சிறிதென விட்ட நெருப்பு பின்னர்ப் பெரிதாய் வளர்வது போல, சிறிதென விட்ட குறைவேலையும் பின்னர்ப் பெருஞ்சுமையாகின்றது.

அவ்வாறாயின் இரண்டு வேலைகளை ஒருங்கே வைத்திருப்பது எப்போதும் தவறா? அன்று. உழவர் ஒரு வயலில் நாற்று வளரும் காலத்தில் மற்றொரு வயலை உழுகின்றார். அடுப்பில் உலை கொதிக்கும் நேரத்தில் தாய் காய் நறுக்குகின்றாள். இங்கு ஒரு வேலை கையை வேண்டாமல் தானே நடக்கின்றது. அந்த இடைவெளியில் மற்றொன்று நடைபெறுகின்றது. பின்னலோ கை நகர்ந்தாலன்றித் தானே வளராது. அதனால் உழவும் சமையலும் அதற்கு உவமையாகா. ஆனால் நுண்ணிய கோலமுள்ள பின்னலை மாலை இருளில் செய்தால் கண் நோகும் என்று கருதி, அந்நேரத்துக்கு மட்டும் கண் பாராமலே பின்னத்தக்க எளிய வேலை ஒன்றை வைத்திருப்பது குற்றமாகாது. ஏனெனில் அது பெரிய வேலையின் நேரத்தைக் கவர்வதில்லை. நீண்ட வளை ஊசியில் இரு காலுறைகளையும் ஒருங்கே ஏற்றிப் பின்னும் முறையும் உண்டு. அங்கே பொருள் இரண்டாயினும் பயன் ஒன்று. ஆகவே அஃது ஒரு வேலையே. மேற்கூறிய அதிகாரத்திலேயே திருவள்ளுவர், ஒரு வினையைக் கொண்டு மற்றொரு வினையையும் முடித்துக்கொள்வதை யானையால் யானையைப் பிடிப்பதற்கு ஒப்பிட்டுள்ளமை ஈண்டு நினைக்கத்தக்கது. இரண்டாவது வேலை முதல் வேலைக்குத் துணையா, அதனிடமிருந்து ஓடி ஒளியும் இடமா என்று பின்னுவோர் தம்மையே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

தொடங்கிய எல்லாவற்றையும் எவ்வாற்றானும் முடித்தே தீரவேண்டும் என்பதும் இல்லை. அளவு தவறிய சட்டையையும், உடுத்துவார்க்குப் பொருந்தாத நிறத்தையும் இறுதி வரையில் பின்னுவதால் பயன் என்ன? இங்கேதான் பின்னலுக்கு நெசவினும் ஓர் ஏற்றம் உளது. நெய்த துணியைப் பிரித்து நூலைப் பழையபடி பெறுதல் மிக அரிது. பின்னிய துணியையோ நூலின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் முழுவதும் பிரிந்து வந்துவிடும். அந்நூலைச் சிட்டமாகச் சுற்றி நனைத்து உலர்த்தினால் சுருள் நீங்கி மீண்டும் பயன்படும். தகாத வேலையை அறிந்து பிரித்தலும் ஒருவகை முடிவே. முடித்தல் நன்று, தகாதெனின் பிரித்தலும் நன்று. முடிக்காமலும் பிரிக்காமலும் பெட்டியில் இட்டு மறத்தலே தீது.

ஒரு பின்னலிலேயே நிலைத்து நிற்க விரும்புவோர் சில ஒழுங்குகளைக் கைக்கொள்ளலாம். தொடங்குமுன் சிறு துண்டு ஒன்று பின்னி அளவு பார்த்து, வேண்டும் நூல் முழுவதையும் ஒரே தோய்ப்பில் வாங்குதல் வேண்டும். அன்றன்று முடித்த வரிசையின் எண்ணை ஏட்டில் குறித்தல் வேண்டும். வரிசையின் நடுவில் நிறுத்தாமல் வரிசையை முடித்தே ஊசியை வைத்தல் வேண்டும். புதிய கோலம் ஒன்று மனத்தைக் கவர்ந்தால் அதனையும் ஏட்டில் எழுதி வைக்கலாம். எழுதிய ஆசை காத்திருக்கும். இறுதிக் கண்ணியை மூடியவுடன் வேலை முடிந்தது என எண்ணுதலும் கூடாது. தனித்தனியே பின்னிய பகுதிகளைத் தைத்து இணைத்தல், தொங்கும் நூல் நுனிகளைத் துணிக்குள் மறைத்தல், அலசி அளவுக்கு விரித்து உலர்த்துதல் ஆகிய மூன்றும் எஞ்சியுள்ளன. பெட்டிகளில் கிடக்கும் குறைப் பின்னல்கள் பல, இம்மூன்றனுள் ஒன்றுக்காகவே காத்துக் கிடப்பன.

தமிழ் இலக்கணம் கற்கும் மாணவர்க்கு இக்கருத்து வேறொரு வழியாலும் விளங்கும். வந்து, உண்டு, படித்து என்பன வினையெச்சங்கள். இவற்றை எத்தனை அடுக்கினாலும் தொடர் நிறைவதில்லை. கேட்போர் பின்னும் ஏதோ வரும் என்று காத்து நிற்பர். உறங்கினான் என்னும் ஒரு முற்று வந்த அளவில் தொடர் பொருள் நிறைந்து அமைகின்றது. எச்சங்களின் உழைப்பெல்லாம் முற்றினால் பயன் பெறுகின்றது. ஊசியில் தொங்கும் பாதிப் பின்னலும், நான்கு பக்கம் எழுதிய கட்டுரையும், முதல் இயலோடு நின்ற நூலும் எச்சங்களே. அவை முற்றை வேண்டி நிற்கின்றன. பத்து எச்சங்களை வைத்திருப்பவரினும் ஒரு முற்றை உடையவர் சிறந்தவர்.

ஒன்றை முடித்தால் மற்றொன்று தொடங்கும் காலம் தள்ளிப்போகுமே என்று வருந்துவோர்க்கும் நெசவாளரிடம் விடை உளது. ஒரு பாவு நெய்து முடியும்போது, அதன் கடைசி இழைகளை அவர் அச்சிலிருந்தும் விழுதிலிருந்தும் உருவி எறிந்துவிடுவதில்லை. அவ்விழைகளின் நுனியோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்கின்றார். பின்னர் மெல்ல இழுக்கப் பழைய இழை முன்சென்று புதிய இழையை விழுதின் கண் வழியாகவும் அச்சின் வழியாகவும் அழைத்து வருகின்றது. புதிதாகக் கோக்கும் பெருந்துன்பம் இல்லாமற் போகின்றது. முடிந்த வேலை, வரும் வேலைக்கு இவ்வாறு வழிகாட்டியாகின்றது. இடையில் அறுத்தெறிந்த பாவு அவ்வாறு யாதொன்றையும் அழைத்து வருவதில்லை.